ஏறிப் பார்க்காத கொண்டை

இராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளி, இரகுநாதபுரம், தினைக்குளம், பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களிடம் எந்தப் பூச்சியால் தொல்லை என்று கேட்டால், முதலில் வெள்ளை ஈ என்பார்கள். அடுத்து, காயில் விழும் சொறி. பிறகு காண்டாமிருக வண்டு. தண்டுக்குள் புகுந்து தின்னும் கூன்வண்டைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் பேச்சே வரும்: "அது எங்கயாச்சும் ஒரு மரத்துல விழும், என்ன செய்ய?" மரத்தைக் கொல்வது எது என்று வரிசை போட்டால், இந்தப் பட்டியலை அப்படியே கவிழ்க்க வேண்டியிருக்கும். வளர்ந்த தென்னை வெள்ளை ஈயால் மட்டும் சாவதில்லை. கூன்வண்டு புகுந்ததைக் கவனிக்காமல் விட்ட மரம் பிழைப்பது அபூர்வம்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தோப்புக்காரர் தரையில் நிற்கிறார், பூச்சி நாற்பதடி உயரத்தில் இருக்கிறது. தரையிலிருந்து தெரிவதுதான் பயமாகிறது. ஓலை கருப்பது தெரிகிறது. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பிசுபிசுப்பு ஒட்டுவது தெரிகிறது. வியாபாரி கழித்துப் போட்ட சொறிக்காய் காலடியில் கிடக்கிறது. தண்டுக்குள் புழு மெல்லுவது மட்டும் தெரிவதில்லை. மர உச்சியில் மட்டைகள் கூடும் கொண்டைக்குப் போய்வருகிற ஒரே ஆள் காய் வெட்டுகிறவர். அவருக்குக் கூலி மரக்கணக்கில். காய் வெட்டத்தான் கூலி, பார்த்துச் சொல்வதற்கு இல்லை.

தோப்புக்காரர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிது. கைப்பேசியில் அனுப்பும் படத்தில் வெள்ளை ஈ அழகாக விழும், கூன்வண்டு எந்தப் படத்திலும் விழாது. குத்தகைக்காரர் ஓரிரு வருடக் காய்க்குப் பணம் கட்டியவர். ஐந்து வருடம் கழித்து அந்த மரம் நிற்குமா என்பது அவர் கணக்கில் வராது. பொறி வாங்குவது யார் பாடு என்று குத்தகை பேசும்போதே முடிவு செய்யாத தோப்பில் யாரும் வாங்கமாட்டார்கள்.

வெள்ளை ஈயிலிருந்து தொடங்குவோம், பணம் அதிகம் வீணாவது அங்கேதான். சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சிப் பக்கம். ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, வெள்ளை மெழுகுத் தூளோடு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளின் மேல் விழ, அதில் கரும்பூஞ்சை படர்கிறது. நம் கடற்கரையில் மழை ஓய்ந்த தையிலிருந்து கோடை முடியும் வரை பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துக் கழுவும்போது குறையும். அந்தக் கருமையைப் பார்த்துப் பதறி, விசைத்தெளிப்பான் வாடகைக்குப் பிடித்து வீரியமான மருந்தை அடிக்கிறார்கள். பத்து நாள் ஓலை சுத்தமாகத் தெரியும். பிறகு முன்பைவிட அதிகமாக வரும். காரணம், என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்றுவிடும். மருந்து முதலில் கொல்வது அதைத்தான்.

தெளிப்பதற்கு முன் ஒரு கீழ் மட்டையை வெட்டி, கைக்கண்ணாடியால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே கருத்துப்போனவையும், முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்தவையும் இருந்தால் குளவி வேலையில் இருக்கிறது என்று பொருள். அந்தத் தோப்பில் மருந்து தொடக்கூடாது. பல பேர் இந்தக் கறுப்பைத்தான் புது நோய் என்று நினைத்து அந்த மட்டைகளை வெட்டிக் கொளுத்துகிறார்கள். கொளுத்துவது தம்முடைய கூலியில்லா ஆட்களை. குளவியே இல்லாத தோப்புக்கு, இருக்கிற தோப்பிலிருந்து அப்படிப்பட்ட ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து மட்டையில் கட்டிவிடலாம்.

பொறி என்றால், ஐந்தடி நீளம் ஒன்றரையடி அகலத்தில் மஞ்சள் பாலித்தீன் தாள், இருபுறமும் விளக்கெண்ணெய் தடவி, ஆறடி உயரத்தில், ஏக்கருக்குப் பத்து. புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். கடற்கரையில் இது தோற்பதற்குக் காரணம் மணல். சோழகக் காற்று கிளம்பினால் சில நாளில் தாள் உப்புக்காகிதமாகிவிடும், பூச்சி ஒட்ட இடமிருக்காது. காற்றடிக்கும் ஓரத்தில் கட்டாமல் உள்வரிசை மரங்களின் மறைவில் கட்டி, வாரம் ஒருமுறை துணியால் துடைத்து மறுபடி எண்ணெய் தடவ வேண்டும். கரும்பூஞ்சைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சிய பசை: தெளித்து நல்ல வெயிலில் காயவிட்டால் பொருக்காக உதிரும். வெறும் தண்ணீரை விசையாக ஓலையின் அடியில் பீய்ச்சுவதற்கும் பலன் உண்டு. இளங்கன்றுகளில் இதுவே போதும்.

சொறிக்காயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பூச்சியே இல்லை, ஈரியோபைட் என்ற சிலந்திப்பேன், கண்ணுக்குத் தெரியாது. 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் கவனிக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தது. குரும்பையின் காம்பருகே மூடியிருக்கும் தொட்டிக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சும். நாம் பார்க்கும் பழுப்பு வெடிப்பு பழைய காயத்தின் தழும்பு. காய் தரம் பிரிக்கும்போது சொறியைக் கண்டு கோபப்பட்டு முற்றிய குலைக்கு மருந்தடிப்பதால் ஒன்றும் மாறாது. தெளித்தால் இளங்குலைகளுக்குத் தெளிக்க வேண்டும்: லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைத்த சாறு, 5 கிராம் சோப்பு. உண்மையில் சொறியைத் தாங்கவைப்பது உரம். மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ. நம் மணல் பிடித்துவைக்காத மண். ஒரே தவணையில் போட்டால் பாதி உரம் கிணற்றுக்குப் போகும், பிரித்துப் போடுங்கள். பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது, பச்சை சீக்கிரம் தெரியும் என்பதால். மறுபடியும், தெரிவதற்குத்தான் மரியாதை.

காண்டாமிருக வண்டின் கதை கொஞ்சம் விசித்திரமானது. இதன் வேலையைத் தரையிலிருந்தே பார்க்கலாம். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டு. பார்க்க முடிந்தும் பயம் இல்லை. "ரெண்டு மட்டை போகும், அடுத்த குருத்து நல்லா வந்துரும்" என்கிறார்கள். காய்க்கிற மரத்துக்கு இது பாதி உண்மை. மூன்று வயதுக்குள் உள்ள தென்னம்பிள்ளைக்கு உண்மையில்லை, குருத்தே போய்விடும். மீதிப் பாதி, வண்டு குடைந்த ஓட்டை யாருக்கு வாசலாகிறது என்பதில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வண்டு வளர்வது மரத்தில் இல்லை, எருக்குழியில். மட்கிய சாணம், அழுகிய தென்னந்தூர், சாய்ந்து கிடக்கும் பனை, குவித்துவைத்த நார்க்கழிவு, இவைதான் அதன் தொட்டில். தோப்பின் ஒரு மூலையில் குழியை வைத்துக்கொண்டு மறுமூலையில் வாசனையால் வண்டை இழுக்கும் கவர்ச்சிப் பொறி வாளியைத் தொங்கவிடுவது இங்கே சகஜம். பொறியில் வண்டு நிறைய விழுந்தால் மகிழ்ச்சி, விழாவிட்டால் "மருந்து டூப்ளிகேட்டு". வாளியில் விழுந்த எண்ணிக்கை அளவுகோலே அல்ல. கடைசியாக விரிந்த ஓலையில் புது வெட்டு இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். வாளி நிறைகிறது, வெட்டும் தொடர்கிறது என்றால் குழி இன்னும் ஈன்றுகொண்டிருக்கிறது.

குழியைக் கிளறி எருவை வெயிலில் பரப்பினால் வெள்ளைப் புழுக்கள் வளைந்து வெளியே வரும். கோழியும் காகமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கிளறியபின் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணம், 250 மில்லி வளர்ப்புக் கரைசலுக்கு 750 மில்லி தண்ணீர் சேர்த்துத் தெளிக்க வேண்டும். இது இங்கே பலிக்கவில்லை என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. பூஞ்சணம் உயிர், அதற்கு ஈரம் வேண்டும். மாசி, பங்குனியில் காய்ந்து பொடியான குழியின் மேல்பரப்பில் தூவினால் வெயிலிலேயே செத்துவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் அடுக்கடுக்காகத் தெளித்து, நனைத்து, பழைய ஓலையால் மூடுங்கள். மூடிய ஓலையையும் சில மாதத்தில் அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதுவே அடுத்த தொட்டில்.

கொண்டையில் செய்வது இரண்டு. முனை வளைந்த கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பது பழைய வழி, இன்றும் அதற்கு இணை இல்லை. எடுத்தபின் ஓட்டையை அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு, மணலும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து அடைக்க வேண்டும். இரண்டாவது, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உட்பக்கத்து மூன்று மட்டைகளின் இடுக்கில். அந்துருண்டை வைப்பவர்கள் மூன்று உருண்டையை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் அது எவ்வளவு நாள் இருக்கும்? உப்பு போடுவது இந்தக் கரையின் பழக்கம். கைக்கெட்டும் தூரத்தில் வாலிநோக்கம் உப்பளம் இருக்கும்போது வேறென்ன செய்வார்கள். என் கணிப்பில் அதில் வேலை செய்வது உப்போடு கலந்த மணல்தான். உப்பு முதல் மழையில் கரைந்து ஓடிவிடும், ஏற்கெனவே உவர் ஏறிய தூருக்கு அது கூடுதல் பாரம்.

மீன்பிடி ஊர்களை ஒட்டிய தோப்புகளுக்கு ஒரு வசதி உண்டு, கிழிந்த நைலான் வலை. ஓரங்குலக் கண் உள்ள வலையைத் துண்டுபோட்டு குருத்தைச் சுற்றிய மட்டை இடுக்குகளில் செருகினால் வண்டு தலையை நுழைத்துக் கால் சிக்கி நின்றுவிடும். எருக்குழியின் மேல் விரித்தாலும் வெளியேறும் வண்டு மாட்டும். காசு செலவில்லை. அணில் மாட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். வலைத் துண்டைக் கயிற்றால் கட்டாமல் விட்டால் காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோகும், மன்னார் வளைகுடாவில் ஏற்கெனவே போதுமான வலை மிதக்கிறது.

இனி கூன்வண்டு. சிவப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு. காண்டாமிருக வண்டைப்போல் இதற்கு எருக்குழி வேண்டாம், காயம் வேண்டும். வண்டு குடைந்த ஓட்டை, பச்சை மட்டை வெட்டிய இடம், ஏறுவதற்குக் கொத்திய படி, கம்பி கட்ட அடித்த ஆணி, டிராக்டர் உரசிய தூர், எதுவானாலும் சரி. அதில் முட்டையிடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்த புழு உள்ளே போனால் ஏறக்குறைய இரண்டு மாதம் திசுவைத் தின்று, அங்கேயே நாரால் கூடு கட்டி, அங்கேயே வண்டாகி, அதே மரத்தில் மறுபடி முட்டையிடும். எருக்குழிப் புழுவுக்குக் கால் உண்டு, இதற்குக் கால் கிடையாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து "குழியை மூடியாச்சு, இனி புழு வராது" என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

பச்சை மட்டை விஷயம் இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல். தென்னை ஓலையில் கிடுகு பின்னுவது இங்கே ஒரு வருமானம். பந்தலுக்கும் கொட்டகைக்கும் ஆர்டர் வந்தால், தானாகக் கழன்று விழும் மட்டைக்குக் காத்திராமல் பச்சையை இறக்குகிறார்கள். இறக்குபவர் சுத்தமாக இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட வெட்டுவார். சாறு கசியும் அந்த வெட்டு வாசனைக்குக் கூன்வண்டு தேடிவரும். கிடுகு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கப்போவதில்லை. தண்டிலிருந்து நாலடி மட்டையை விட்டு வெட்டினால் போதும். புழு அந்த மட்டையைக் குடைந்து தண்டை எட்டுமுன் மட்டை காய்ந்துவிடும். கிடுகுக்குத் தேவைப்படுவது ஓலை உள்ள பகுதி, அடிமட்டை இல்லை. ஆகவே இதில் யாருக்கும் நஷ்டமில்லை, விறகுக்கு அடிமட்டை குறையும் என்பது தவிர.

அறிகுறிகள் நடுக்கொண்டையில் தொடங்கும். உள்வட்டத்தில் ஓரிரு மட்டை மட்டும் மஞ்சளாகும். இதை வறட்சி என்றோ உவர் நீர் என்றோ நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிசகு. வறட்சியும் உவரும் கீழ் மட்டையிலிருந்து மேலே ஏறும், நுனியிலிருந்து கருகும். கூன்வண்டு கீழே பச்சையை விட்டுவிட்டு நடுவில் மஞ்சளைக் காட்டும். பிறகு தண்டில் சிறு துளைகள், அதிலிருந்து பழுப்பு நிறக் கோழை, மென்று துப்பிய நார், புளித்த கள் வாடை. ஐந்திலிருந்து இருபது வயது வரை உள்ள மரத்தில் அதிகம் தேடுங்கள். காற்று ஓய்ந்த அதிகாலையில் தண்டில் காதை வைத்தால் கரகரவென்று மெல்லும் சத்தம் கேட்கும். அலைச் சத்தமும் ஓலைச் சத்தமும் உள்ள ஊரில் இதற்குப் பொறுமை வேண்டும். கொண்டை சாய்ந்தபின் கேட்க ஒன்றுமில்லை.

குருத்து இன்னும் உறுதியாக இருந்தால் காப்பாற்றலாம். எல்லாத் துளைகளையும் களிமண்ணாலோ சிமென்டாலோ அடையுங்கள், மேல் துளை ஒன்றை மட்டும் விடுங்கள். அதைக் கீழ்நோக்கிச் சாய்வாகப் பெரிதாக்கி, புனல் வைத்து, லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி இமிடாகுளோபிரிட் 17.8 சதம் என்ற பூச்சிமருந்து கலந்த கரைசலை ஒரு லிட்டர் மெதுவாக ஊற்றி அதையும் அடைத்துவிடுங்கள். கரைசல் வேறு எங்காவது வழிந்தால் அடைக்காத துளை இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடி அடைக்காமல் மேலும் ஊற்றுவது வீண்.

காப்பாற்ற முடியாத மரத்தை வெட்டுவதில்தான் மனசு தடுக்கிறது. கன்றையே பிள்ளை என்று கூப்பிடுகிற மொழி இது. "தானா விழட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அந்த மரம் விழுவதற்குள் உள்ளிருந்து வெளியேறும் வண்டுகள் பக்கத்து மரங்களுக்கும் பக்கத்துத் தோப்புக்கும் போகும். வெட்டினாலும் தூக்கிப் போட்டால் பயனில்லை. கொண்டைப் பகுதியைப் பிளந்து எரிக்க வேண்டும். பிளக்காத தண்டு எரியாது, மேல்தோல் கருகி உள்ளே புழு சுகமாக இருக்கும். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்களால் டெல்டாக்காரர்களுக்கு வந்த பெரிய கவலைகளில் ஒன்று இந்த அப்புறப்படுத்தல்தான்.

கூன்வண்டுப் பொறியில் இரண்டு இரை உண்டு, ஒன்று கவர்ச்சி மாத்திரை, இன்னொன்று புளித்த உணவு. மாத்திரை வண்டைத் தோப்புக்கு அழைக்கும், உணவுதான் வாளிக்குள் இறக்கும். உணவு காய்ந்துபோன பொறி விருந்துக்குக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திய மாதிரி. வந்த வண்டு பக்கத்தில் காயமுள்ள மரத்தைப் பார்த்துக்கொள்ளும். "பொறி வச்ச பிறகுதான் எங்க தோப்புல வண்டு வந்துச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வாளியில் விளிம்புக்குக் கீழே நான்கு துளைகள், வெளியே சாக்கு சுற்றிச் சொரசொரப்பு, உள்ளே தண்ணீர், தரையிலிருந்து நாலடி உயரம், நிழல். ஐந்து ஏக்கருக்கு ஒன்று. இளமரங்களுக்கு நடுவே வைக்காமல் வரப்போரம் வையுங்கள். உணவை வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

உணவுக்குக் கள் ஊற்றச் சொல்லும் குறிப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. 1987 முதல் கள் இறக்கத் தடையுள்ள மாநிலத்தில் இந்தக் குறிப்பை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பதநீர் கிடைக்குமே என்று வாங்கி ஊற்றுகிறார்கள். பதநீர்க் கலயத்தில் புளிக்காமல் இருக்கத்தான் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அது புளிக்கவைக்கும் வேலைக்கு ஆகாது. கரும்பு வெல்லப்பாகு 2½ கிலோ, ஈஸ்ட் 5 கிராம், அசிட்டிக் அமிலம் 5 மில்லி, நீளவாக்கில் பிளந்த பச்சை மட்டைத் துண்டுகள், இது போதும். பாகு கிடைக்காவிட்டால் உருகிப்போன கருப்பட்டி.

ஓலையின் அடியில் நூல்படை கட்டித் தின்னும் கருந்தலைப் புழுவுக்கு இலவசமாகக் கிடைக்கும் கோனியோசஸ் ஒட்டுண்ணிக் குளவியில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. குளவி அடைத்த குழாய் எப்போது கைக்கு வருகிறதோ அப்போது விடுகிறார்கள். அது நடுத்தர வளர்ச்சியடைந்த புழுவைத்தான் தேடும். முட்டையும் கூட்டுப்புழுவும் மட்டும் இருக்கும் வாரத்தில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். ஓலையடியில் நூல்படையைப் பிரித்துப் புழுவின் அளவைப் பார்த்துவிட்டு, எக்டேருக்கு 3,000 கணக்கில் கொண்டைக்குக் கீழே தண்டில் விடுங்கள். கொண்டைக்குள் விட்டால் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் தின்றுவிடும். கருகிய கீழ் மட்டைகளை வெட்டி எரிப்பது அதற்கு முந்தின வேலை.

மருந்து வேண்டாம் என்று சொல்பவர்கள் இந்தக் கரையில் கணிசம், காரணமும் நியாயமானது. மணலில் ஊற்று ஆழமில்லை, தென்னைக்கு இறைப்பதும் குடத்தில் மொள்ளுவதும் ஒரே தண்ணீர். அதே ஆட்கள் வேரில் மருந்து கட்டுவதை மட்டும் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள், தரையில் சிந்தாததால். சிந்தாதது உண்மை, ஆனால் மரத்துக்குள் போகிறது. அப்படிக் கட்டிவந்த மானோகுரோட்டோபாஸ் மருந்து 2005-லேயே காய்கறிகளில் தடை செய்யப்பட்டது. குருத்தில் வைத்த போரேட் குருணைக்கு 2020 இறுதியோடு தடை. "பழசு இருந்தாத் தாங்க" என்று கேட்பதை நிறுத்த வேண்டும். வேர்வழி கட்டுவதென்றால் வேம்பிலிருந்து எடுக்கும் ஒரு சதவீத அசாடிராக்டின் 10 மில்லி, தண்ணீர் 10 மில்லி. முதல்நாள் நீர் பாய்ச்சி, பென்சில் கனத்தில் உயிருள்ள வேரைச் சாய்வாகச் சீவி, சின்னப் பாலித்தீன் பையில் நுனி மூழ்கும்படி கட்டுங்கள். மறுநாள் பை காலியாகாவிட்டால் அந்த வேர் செத்தது, வேறு வேரைப் பிடியுங்கள். கட்டுவதற்கு முன்பே காயை இறக்கிவிட்டு 45 நாள் அடுத்த வெட்டு கூடாது. இராமேசுவரம் சாலையில் இளநீர்க்குக் கொடுக்கும் தோப்பில் இதை மறக்கவே கூடாது. எந்த மரத்தில் கட்டியது என்று இளநீர் வெட்ட வருபவருக்குத் தெரியாது, தண்டில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

ஏறுபவருக்கு வருவோம். வழக்கமான கூலிக்கு மேல் மரத்துக்கு ஒரு தொகை பேசி, காய் வெட்டும்போதே கொண்டையைப் பார்த்து வரச் சொல்வதுதான் இருப்பதில் மலிவான பூச்சிக் கட்டுப்பாடு. கம்பி அவர் இடுப்பில், வேப்பந்தூள் கலவை தோளில் ஒரு துணிப்பையில். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 10½ கிலோ கலவை: தூள் 3½, மணல் 7. கடற்கரை மணல் வேண்டாம். ஐந்தைந்து மரத்துக்கு ஒருமுறை முக்கால் கிலோவாக நிரப்பிக் கொடுங்கள், மொத்தமாகத் தூக்கி ஏறச் சொன்னால் பத்தாவது மரத்திலேயே கொட்டிவிட்டு வருவார். வண்டு எடுத்த மரத்தில் இறங்கும்போது வெள்ளைத் துணியும், நடுமட்டை மஞ்சளாகவோ கோழையோ நாரோ கண்ட மரத்தில் சிவப்புத் துணியும் ஆள் உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் துணி அடுத்த வெட்டு வரை காத்திருக்கலாம். சிவப்புத் துணிக்கு அன்றைக்கே புனலை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.